ஒக் என்ற சொல்லும் லாங்டொக் என்ற நாடும்

சென்ற தவணையிலே பிரெஞ்சுப் புரட்சி பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் இரு தேசப்படங்களைக் கொண்டுவந்து எம்முன் வைத்தான். ஒன்று 1789ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பிரான்சின் மாகாணங்களைக் காட்டுவது; மற்றையது இக்காலப் பிரான்சைக் காட்டுவது. முதற் படத்திலே, தெற்கே மத்தியதரைக் கடலையொட்டி, கிழக்கில் ரோன் நதியிலிருந்து மேற்கில் தூலூஸ் நகர்வரை பரந்து கிடந்தது லாங்டொக் என்னும் மாகாணம். இரண்டாவது படத்தில் அப்பெயர் எங்கும் இல்லை. “இந்த நாடு எங்கே போயிற்று, சேர்?” என்று அவன் கேட்டான்.

நாடு எங்கும் போகவில்லை, பெயர்தான் போயிற்று என்று அன்று விடை கூறினோம். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. பெயர்கள் தாமாகப் பிறப்பதுமில்லை, தாமாக மறைவதுமில்லை. அவற்றை யார் இட்டனர், யார் எடுத்தனர், இடையில் அந்நிலத்து மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றைக் கேளாமல் ஒரு பெயரின் பொருளை அறிதல் இயலாது. எமது மாணவனுக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையை இக்கட்டுரையிற் சொல்ல முயல்கிறோம்.

ஐரோப்பிய நாடுகளின் பெயர்கள் பெரும்பாலும் குலங்களால் அமைந்தவை. பிராங்கியர் என்ற இனத்தாரால் பிரான்சும், பர்கண்டியரால் பர்கண்டியும், வடதிசை மாந்தரால் நோர்மண்டியும் பெயர் பெற்றன. லொரேன் என்ற பெயரோ லோதார் என்னும் மன்னனின் பெயரிலிருந்து வந்தது. லாங்டொக் இவை எவற்றையும் ஒத்ததன்று. ‘லாங்’ என்பது மொழி. ‘ஒக்’ என்பது ‘ஆம்’ என்று பொருள்படும் சொல். எனவே லாங்டொக் என்றால் ‘ஒக் என்னும் மொழி’ என்பதே நேர்ப்பொருள். குலத்தாலன்றி, ஆற்றாலோ மலையாலோ அன்றி, அந்நிலத்து மக்கள் இசைவு தெரிவிக்கும்போது வாயிலிருந்து வெளிப்படும் சிறு சொல் ஒன்றால் பெயர் பெற்ற நாடு அது.

அச்சொல் எவ்வாறு தோன்றியது? பண்டை இலத்தீனிலே ‘ஆம்’ என்பதற்கு ஈடான ஒரே சொல் வழக்கில் இருக்கவில்லை. உரோமப் பேரரசு சிதைந்தபின் அதன் மேற்குப் பகுதிகளிலே மக்களின் பேச்சு இலத்தீனிலிருந்து பல கிளைகளாகப் பிரிந்தது. தெற்கே ‘இது’ எனப் பொருள்படும் ‘ஹொக்’ என்ற இலத்தீன் சொல் தேய்ந்து ‘ஒக்’ ஆயிற்று. வடக்கே அதே சொல் ‘அவன்’ என்னும் பொருளுடைய ‘இல்லெ’ என்ற சொல்லோடு கூடி ‘ஓயில்’ ஆயிற்று. இன்றைய பிரெஞ்சு மொழியின் ‘உவீ’ அதிலிருந்து வந்ததே. இத்தாலியிலே ‘இவ்வாறு’ எனப் பொருள்படும் ‘ஸிக்’ என்பது ‘ஸீ’ ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மக்கள்மொழியின் சிறப்பைப் பற்றி இலத்தீனில் நூல் எழுதிய இத்தாலியக் கவிஞன் தாந்தே, இம்மூன்று சொற்களையே அளவுகோலாகக் கொண்டு அம்மொழிகளை வகுத்தான்.

இங்கே குழப்பம் ஒன்றை நீக்கிக்கொள்வது நலம். ஒக் மொழி வேறு, லாங்டொக் மாகாணம் வேறு. ஒக் மொழி பேசப்பட்ட நிலம் மேற்கே அத்திலாந்திக் சமுத்திரத்தை அடுத்த காஸ்கனி முதல் கிழக்கே அல்ப்ஸ் மலைவரை, லிமூசன், ஓவேர்ஞ், புரோவான்ஸ் முதலிய பகுதிகள் அனைத்தையும் உள்ளடக்கியது. லாங்டொக் மாகாணம் அதன் ஒரு பகுதி மாத்திரமே. ஒரு பெருமொழியின் பெயர் அம்மொழி வழங்கிய நிலத்தின் ஒரு துண்டுக்கு மாத்திரம் எவ்வாறு உரியதாயிற்று? விடை இலக்கணத்தில் இல்லை, அரசியலில் உண்டு.

12ஆம் நூற்றாண்டிலே தென்பகுதி பிரெஞ்சு மன்னனின் பெயரளவிலான மேலாண்மைக்கு உட்பட்டிருந்ததேயன்றி, உண்மை அதிகாரம் தூலூஸ் கோமகன் முதலிய பிரபுக்களின் கையிலே இருந்தது. அக்காலத்திலே ஒக் மொழி ஐரோப்பாவின் மக்கள்மொழி இலக்கியங்களுள் முன்வரிசையில் நின்றது. துருபதூர் என வழங்கிய பாவலர்கள் அதிற் பாடினர். அவர்களுள் எமக்குக் கிடைக்கும் பாடல்களின் மிகப் பழைய ஆசிரியன் 1071இல் பிறந்த அக்குயிதேன் கோமகன் ஒன்பதாம் கில்லோம். இத்தாலியரும் கத்தலோனியரும் அம்மொழியிலேயே கவி புனைந்தனர். ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றிப் பெருமூச்செறிவதற்கு நாம் ஆயத்தமாயில்லை. அப்பாடல்கள் அரண்மனைகளிற் பிறந்தவை. அவ்வரண்மனைகளைத் தாங்கிய குடியானவன் பிரபுவின் நிலத்தில் உழைத்தும், பிரபுவுக்கும் திருச்சபைக்கும் இறுத்தும் வாழ்ந்தவன். மொழி ஒன்றாயிருந்தமையால் வர்க்கங்கள் ஒன்றாகிவிடவில்லை.

அக்காலத்தில் அம்மொழியைப் பேசியோர் அதனை ‘ஒக் மொழி’ என்று பொதுப்பெயராற் கருதியதாகவும் தெரியவில்லை. அதனை ‘ரொமான்ஸ்’ என்றனர். ‘லிமூசன் மொழி’ என்றனர். ‘புரோவான்ஸ் மொழி’ என்றனர். தத்தம் ஊரும் தத்தம் பிரபுவுமே அவர்களுக்கு நாடு. தமது ‘ஆம்’ தம்மை வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் என்பதை முதலிற் கண்டோர், வேறு வகையாக ‘ஆம்’ சொன்ன அயலாரே.

அவ்வயலார் வாளோடும் வந்தனர். தென்னாட்டிலே கத்தார் என வழங்கிய சமயப் பிரிவினர் திருச்சபையின் செல்வத்தையும் அதிகாரத்தையும் மறுத்து வாழ்ந்தனர். 1208இல் பாப்பரசரின் தூதர் கொலையுண்டதைக் காரணமாகக் கொண்டு மூன்றாம் இன்னொசெந்துப் பாப்பரசர் சிலுவைப் போரைப் பிரகடனம் செய்தார். கிறித்தவ நாடொன்றின்மீதே சிலுவைப் போர்! வடநாட்டுப் பிரபுக்கள் திரண்டு வந்தனர். பாவமன்னிப்பு அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. அதனோடு, சமயத் துரோகிகளின் நிலம் அதைக் கைப்பற்றுவோருக்கு உரியதாகும் என்பதும். 1209 யூலை 22ஆம் நாள் பெசியே நகரம் வீழ்ந்தது. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி அந்நகர மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். இருபது ஆண்டுப் போருக்குப் பின், 1229இல், தூலூஸ் கோமகன் ஏழாம் ரெய்மொன் பாரிசில் உடன்படிக்கை ஒன்றுக்கு இணங்க நேர்ந்தது. அவருடைய ஒரே மகள் மன்னனின் தம்பிக்கு மனைவியாக்கப்பட்டாள். 1244இல் மொன்செகூர்க் கோட்டை வீழ்ந்தபோது இருநூற்றுக்கும் மேற்பட்ட கத்தார்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். 1271இல் அத்தம்பதியர் பிள்ளைகளின்றி இறக்கவே, தூலூஸ் நாடு முடிக்குரிய நிலமாயிற்று.

லாங்டொக் என்ற பெயர் இதற்குப் பின்னரே ஆட்சிப் பத்திரங்களில் நுழைகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அரச எழுதுவினைஞர்கள் புதிதாகச் சேர்ந்த தென்னிலங்களை ‘ஒக் மொழிப் பகுதிகள்’ என்று குறிக்கலாயினர். வரி தண்டுவதற்கும், நீதி வழங்குவதற்கும், அதிகாரிகளை அனுப்புவதற்கும் அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அங்கே பழைய பிரபுக்களின் பெயர்கள் பலவாயிருந்தன. அரசாங்கத்துக்குப் பொதுவாகக் கண்ணிற்பட்டது ஒன்றே: அம்மக்கள் வேறு மொழி பேசினர். ஆக, மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று இது. வென்றவரின் கச்சேரியிலே இடப்பட்ட பெயர்.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தெற்கை லாங்டொக் என்று அழைத்த அதே ஆட்சி, வடக்கை ‘லாங்டோயில்’, அஃதாவது ‘ஓயில் என்னும் மொழி’ என்று அழைத்தது. 14ஆம் நூற்றாண்டிலே லாங்டோயில் பிரதிநிதிகளின் சபையும் லாங்டொக் பிரதிநிதிகளின் சபையும் தனித்தனியே கூட்டப்பட்டன. இரண்டும் ஒரே தரத்துப் பெயர்கள்; ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. பின்னர் என்ன நடந்தது? லாங்டோயில் என்ற பெயர் மெல்ல மறைந்தது. வடக்கு ‘பிரான்சு’ ஆயிற்று; அதன் மொழி ‘பிரெஞ்சு’ ஆயிற்று. தெற்கு மாத்திரம் லாங்டொக்காகவே நின்றது. அதிகாரம் பெற்ற மொழிக்கு அடைமொழி வேண்டியதில்லை. அது ‘மொழி’ என்றே பெயர் பெற்றுவிடும். அதிகாரம் இழந்த மொழியே எந்நாளும் தன் அடையாளச் சீட்டைச் சுமந்து திரிய வேண்டியிருக்கும். லாங்டொக் என்ற பெயரில் அடங்கிய முதல் வரலாற்றுண்மை இதுவெனத் துணிந்து கூறுவோம்.

பெயர் நிலைத்தது, நிலம் சுருங்கியது. நூறாண்டுப் போரிலே தோற்ற பிரெஞ்சு மன்னன் 1360இன் உடன்படிக்கையால் தென்மேற்குப் பகுதிகளை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தான். எஞ்சியவை தூலூஸ், கார்க்கசொன், பொக்கேர் ஆகிய மூன்று நிருவாகப் பிரிவுகள். லாங்டொக் என்ற பெயர் இவற்றுக்கே உரியதாகிவிட்டது. போர்தோவிலும் லிமோஷிலும் மார்செய்யிலும் மக்கள் அதே மொழியைப் பேசிக்கொண்டிருந்தபோதும், அவர்கள் லாங்டொக்கினர் அல்லர் என்றாயிற்று. மொழியைக் குறித்த சொல் வரி எல்லையைக் குறிக்கும் சொல்லாகக் குறுகியது.

அம்மாகாணத்துக்கெனத் தனிப் பிரதிநிதித்துவ சபை இருந்தது. 1443இலிருந்து தூலூஸில் நிலைபெற்ற உயர் நீதிமன்றமும் இருந்தது. பேராயர்களும் பிரபுக்களும் நகரப் பெரியோரும் அச்சபையில் அமர்ந்து, மன்னனுக்கு எவ்வளவு வரி கொடுப்பதென்று பேரம்பேசினர். லாங்டொக்கின் ‘உரிமைகள்’ என்று அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டவை பெரும்பாலும் அவர்களுடைய சலுகைகளே. மாகாணத்தின் பெயரை உரத்துச் சொன்ன இவர்களே மாகாணத்தின் மொழியை முதலிற் கைவிட்டனர் என்பது மனங்கொளத்தக்கது. மத்தியகாலத்துக் காணிப் பதிவேடுகள் பல ஒக் மொழியில் எழுதப்பட்டவை. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னன் வில்லேர்-கொத்ரே என்னுமிடத்திற் பிறப்பித்த கட்டளை, நீதிமன்றப் பத்திரங்கள் யாவும் பிரெஞ்சிலே அமையவேண்டுமென்றது. அக்கட்டளை முதன்மையாக இலத்தீனை நோக்கி எய்யப்பட்டதெனினும் ஒக் மொழியையும் வீழ்த்தியது. பதிவாளரும் வழக்கறிஞரும் வணிகரும் அரச சேவையை நாடிப் பிரெஞ்சுக்கு மாறினர். 1323இல் தூலூஸ் நகரிலே ஒக் மொழிக் கவிதையைப் பேணுவதற்காக எழுவர் நிறுவிய சங்கத்தை, 1694இல் பதினான்காம் லூயி பிரெஞ்சு மொழி வளர்க்கும் கழகமாக்கினான்.

குடியானவன் மாறவில்லை. மாற அவனுக்கு வழியுமில்லை, அவசியமுமில்லை. எனினும் அவனை மொழிப் பற்றாளனாகச் சித்திரிப்பதும் பிழையாகும். 1685இல் புரட்டஸ்தாந்து சமயம் தடைசெய்யப்பட்டபின், லாங்டொக்கின் வடபகுதியான செவேன் மலைநாட்டிலே 1702இல் ஏழைக் குடியானவரும் கம்பளி நெய்வோரும் ஆயுதம் ஏந்தினர். கமிசார்கள் எனப்பட்ட அவர்கள் வீட்டிலும் வயலிலும் பேசியது ஒக் மொழி. ஆனால் ஆவேசமுற்று இறைவாக்கு உரைத்தபோது அவர்களிற் பலர் பிரெஞ்சிலே பேசினர். ஏனெனில் அவர்கள் கற்ற விவிலியம் பிரெஞ்சு விவிலியம். ஆதிக்க மொழியும் சில வேளைகளில் ஒடுக்கப்பட்டோரின் படைக்கலமாகும். இவ்வுண்மையை மறைத்து வரலாறு எழுதுதல் எமக்கு உடன்பாடன்று.

இனிப் புரட்சிக்கு வருவோம். எமது மாணவனின் வினா உண்மையிற் பிறப்பது இங்கேதான். 1790இலே தேசிய சபை பழைய மாகாணங்கள் அனைத்தையும் ஒழித்து, நாட்டை 83 மாவட்டங்களாகப் பிரித்தது. லாங்டொக் எரோ, ஓட், கார், தார்ன், லோசேர், ஆர்தேஷ் முதலிய துண்டுகளாயிற்று. இவை பெரும்பாலும் ஆறுகளின் பெயர்கள். லோசேர் ஒரு மலையின் பெயர். பதினான்காம் லூயியின் காலத்தில், 1681இல், வெட்டி முடிக்கப்பட்டு ‘லாங்டொக் அரச கால்வாய்’ என வழங்கிய பெருங்கால்வாயும் ‘தெற்குக் கால்வாய்’ எனப் பெயர் மாறியது. புரட்சியாளர் இதனை ஏன் செய்தனர்? மாகாணங்கள் பிரபுக்களின் சலுகைகளும், வெவ்வேறு வரிகளும், வெவ்வேறு சட்டங்களும் குடியிருந்த கூடுகள். கூட்டைக் கலைத்தாலன்றிச் சலுகையைக் கலைக்க இயலாது. சமத்துவத்தை விரும்பும் எவரும் இச்செயலைக் குறைகூறார். லாங்டொக் என்ற பெயர் அன்று பேராயர்களின் சபையோடு சேர்ந்தே போயிற்று. அதற்காக நாம் வருந்தப்போவதில்லை.

ஆனால் பெயரோடு நிற்காமல் மொழிக்கும் சென்றபோதே சிக்கல் எழுந்தது. புரட்சியின் தொடக்கத்திலே, 1790 தைமாதத்தில், சட்டங்களை நாட்டின் பல மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடத் தேசிய சபை தீர்மானித்தது. மக்களுக்கு அவர்கள் மொழியிலே பேசவேண்டும் என்ற எளிய சனநாயக உணர்வு அது. நான்கே ஆண்டுகளில் நிலை மாறியது. உள்நாட்டுக் கலகமும் அந்நியப் படையெடுப்பும் குடியரசைச் சூழ்ந்திருந்த வேளையில், பொதுப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த பரேர், பிரெஞ்சல்லாத மொழிகளை எதிர்ப்புரட்சியின் கருவிகள் என்று சாடினார். அவரே தெற்கிலே தார்ப் நகரிற் பிறந்தவர்! 1794 ஆனியில் கிரெகுவார் பாதிரியார் சபைக்கு முன்வைத்த அறிக்கையின் தலைப்பே, இழிமொழிகளை அழித்துப் பிரெஞ்சு மொழியைப் பொதுவாக்கவேண்டிய அவசியம் பற்றியது. நாட்டு மக்களில் 60 இலட்சம் பேர் பிரெஞ்சை அறியார். ஏறத்தாழ அதே தொகையினர் அதிற் தொடர்ந்து உரையாட இயலாதவர். தூய பிரெஞ்சு பேசுவோர் 30 இலட்சத்துக்கு மேலில்லை என்பது அவர் கணக்கு.

கிரெகுவார் பிற்போக்குவாதி அல்லர். யூதருக்குக் குடியுரிமை வேண்டியும், கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்க வேண்டியும் வாதாடியவர். ஏழைக் குடியானவன் சட்டத்தை அறியவும் பதவி பெறவும் பொதுமொழி வேண்டுமென்றே அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தில் நியாயம் இல்லையென்று எவரும் சொல்லார். ஆயினும் பிரெஞ்சைக் கற்பித்தல் என்பதற்கும் மற்றையவற்றை அழித்தல் என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம்! அத்தூரத்தை அவர் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். முற்போக்கின் பெயரால் மக்களின் வாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய தவறு அங்கே தொடங்குகிறது. அத்தவறு எதிரிகளின் தவறன்று, எம்மவர் தவறு. ஆதலால் அதனை ஆராயும் கடமை எமக்கே அதிகம்.

கிரெகுவாரின் திட்டத்தைச் செயற்படுத்தப் புரட்சிக்கு அவகாசமில்லை. அதனைச் செய்து முடித்தவை 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்ட ஆரம்பப் பாடசாலைகள். கிராமந்தோறும் எழுத்தறிவைக் கொண்டுசென்ற அப்பாடசாலைகளின் பெருமையை ஆசிரியர்களாகிய நாம் மறவோம். ஆனால் அங்கே மற்றொரு வழக்கமும் நிலவியது. தாய்மொழியிற் பேசி அகப்பட்ட பிள்ளையின் கையில் ஒரு மரத்துண்டையோ வேறொரு பொருளையோ ஆசிரியர் கொடுப்பார். அப்பிள்ளை, அவ்வாறு பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதனைக் கைமாற்ற வேண்டும். மாலையில் அது யார் கையிலுள்ளதோ அவனுக்குத் தண்டனை. தோழனைக் காட்டிக்கொடுத்தால் தப்பலாம் என்ற பாடத்தையும் பிள்ளைகள் இதன்மூலம் கற்றனர். துருபதூர்களின் மொழி இப்போது ‘பத்துவா’, அஃதாவது இழிசனர் வழக்கு. தாய் தன் பிள்ளையோடு அம்மொழியிற் பேச வெட்கப்பட்டாள். சிலுவைப் படையால் இயலாததை ஒரு மரத்துண்டு செய்தது. அதைக் கொடுத்தவர் மன்னருமல்லர், தளபதியுமல்லர். எம்மைப் போன்ற ஓர் ஆசிரியர். பெரும்பாலும் அவரும் அதே மொழி பேசிய குடியானவனின் மகனே. பிள்ளைகளின் நன்மையைக் கருதியே தாம் அதனைச் செய்வதாக அவர் நம்பினார்.

எனினும் மொழி இறந்துவிடவில்லை. 1907இலே லாங்டொக்கின் திராட்சைத் தோட்டங்கள் அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தன. சீனி கலந்து செய்யப்பட்ட போலி மதுவாலும் மிகை உற்பத்தியாலும் திராட்சை மதுவின் விலை வீழ்ந்து, சிறு பயிர்ச்செய்கையாளர் கடனில் மூழ்கினர். பங்குனி 11ஆம் நாள் அர்ஷெலியே என்ற கிராமத்திலிருந்து 87 பேர் நார்பொன் நகருக்கு நடந்தனர். ஆனி 9ஆம் நாள் மொன்பெலியே நகரிலே பல இலட்சம் மக்கள் திரண்டனர். அவர்கள் தலைவரான மார்சலன் அல்பேர் ஒரு சிற்றூர் மதுக்கடைக்காரர். மக்களோடு ஒக் மொழியிலும் பேசியவர். பதாகைகள் பலவற்றில் அம்மொழியே எழுதப்பட்டிருந்தது. கிளெமான்சோ அரசாங்கம் படையை அனுப்பியது. நார்பொன்னில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பகுதிப் பிள்ளைகளைக் கொண்ட 17ஆம் காலாட் படையணி கலகஞ் செய்தது. அவ்வெழுச்சியிலே பெருந்தோட்டக்காரரும் கூலியாட்களும் ஒன்றாக நடந்தனர் என்பதையும், மூன்றாண்டுகளுக்கு முன்னரே அக்கூலியாட்கள் அதே தோட்டக்காரருக்கு எதிராக வேலைநிறுத்தஞ் செய்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. பிரதேச ஒற்றுமை வர்க்க முரண்பாட்டைச் சில நாட்களுக்கு மூடலாம், தீர்க்காது. எனினும் இழிவென்று ஒதுக்கப்பட்ட மொழி போராட்ட மொழியாக இயங்க வல்லது என்பதை 1907 மெய்ப்பித்தது.

இவ்வுண்மையை உள்ளபடி உணர்ந்த முற்போக்குத் தலைவர் ஒருவர் பிரான்சில் இருந்தார். அவர் ஜான் ஜோரேஸ். பழைய லாங்டொக்கின் கஸ்த்ர் நகரிலே 1859இற் பிறந்து, அல்பி நகரத்து உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, கார்மோ சுரங்கத் தொழிலாளரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். 1914 யூலை 31இல், உலகப் போரைத் தடுக்க முயன்றமைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர். புரட்சியின் வரலாற்றைச் சமதர்ம நோக்கில் எழுதிய அவர், கூட்டங்களிலே குடியானவரோடும் தொழிலாளரோடும் ஒக் மொழியிற் பேசத் தயங்கியதில்லை. 1911இலே தென்னமெரிக்காவுக்குச் சென்ற பயணத்தின்போது லிஸ்பன் நகரில் இறங்கிய அவர், தம் தாய்நிலத்து மொழியின் துணையாற் போத்துக்கேயத்தைத் தாம் எளிதாக விளங்கிக்கொண்டதைக் கண்டு வியந்தார். இழிமொழி என்று ஒதுக்கப்பட்டது உலகின் ஒரு பெரும்பகுதிக்குத் திறவுகோலாயிருந்தது.

நாடு திரும்பிய அவ்வாண்டிலேயே ஆசிரியர்களை நோக்கி அவர் எழுதிய கட்டுரைகளின் கருத்து எளிமையானது. தெற்கிலுள்ள பிள்ளைகள் இரு மொழிகளோடு பாடசாலைக்கு வருகிறார்கள். ஒன்றை ஏன் வாசலில் விட்டுவரச் சொல்லவேண்டும்? ஒக் சொல்லையும் பிரெஞ்சுச் சொல்லையும் அருகருகே வைத்து ஒப்பிடச் செய்தால், பிள்ளை பிரெஞ்சையும் செம்மையாகக் கற்பான். மொழிகள் மாறும் விதியையும் அறிவான். தன் வீட்டாரின் பேச்சை இகழவும் மாட்டான். ஜோரேஸ் குடியரசின் ஒருமைப்பாட்டைக் கைவிடவில்லை, பொதுமொழியை மறுக்கவுமில்லை. கிரெகுவார் ஒரே வாக்கியத்திற் தாண்டிய தூரத்தை அவர் மீண்டும் அளந்து காட்டினார். அக்கட்டுரைகளைப் படித்த ஆசிரியர் யாவரும் மரத்துண்டைக் கீழே போட்டிருப்பார்களாயின் தெற்கின் வரலாறு வேறாக அமைந்திருக்கும். அவர்கள் போடவில்லை. ஒக் மொழியை விருப்பப் பாடமாகக் கற்பிக்கச் சட்டம் அனுமதித்தது 1951இலேதான். அச்சட்டத்தை முன்னின்று நிறைவேற்றிய தெயிக்ஸொன், ஜோரேஸின் அதே தார்ன் மாவட்டத்துச் சமதர்மப் பிரதிநிதி.

லாங்டொக் என்ற பெயரும் 20ஆம் நூற்றாண்டிலே திரும்பி வந்தது. ஆனால் மொழியோடு வரவில்லை, திட்டமிடல் அதிகாரிகளின் கோப்போடு வந்தது. பொருளாதார நிருவாகத்துக்காகப் பிரான்சு பிராந்தியங்களாக வகுக்கப்பட்டபோது மொன்பெலியேயைத் தலைநகராகக் கொண்டு ‘லாங்டொக்-ரூசியோன்’ என்ற பிராந்தியம் தோன்றியது. பழைய மாகாணத்தின் பெருநகரான தூலூஸ் அதனுள் இல்லை! மாறாக, 1659வரை ஸ்பானிய முடியின்கீழ் இருந்து, கத்தலான் மொழி பேசும் ரூசியோன் அதனோடு இணைக்கப்பட்டது. 2005இலே அப்பிராந்தியத் தலைவர் ஷோர்ஷ் பிரேஷ், ‘செப்திமானி’ என்ற பண்டைப் பெயரைச் சூட்ட முயன்றார். தம்மைக் கேளாது பெயரிடப்படுவதைக் கத்தலானியர் எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. 2016 தைமாதம் முதல் நாள் அப்பிராந்தியம் தூலூஸைத் தலைநகராகக் கொண்ட அயற் பிராந்தியத்தோடு இணைக்கப்பட்டது. புதிய பெயருக்காக நடத்தப்பட்ட கருத்துக் கணிப்பிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். ஏறத்தாழ 45 வீதத்தினர் ‘ஒக்சித்தானி’ என்ற பெயரைத் தெரிந்தனர். ‘லாங்டொக்’ என்ற தனிப்பெயருக்குக் கிடைத்தது 10 வீதமே. ‘ஒக்’ என்ற சொல் இவ்வாறு மீண்டும் தேசப்படத்தில் ஏறியது.

இஃது ஒரு நீதியின் முடிவு என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்ள எமக்கு மனம் துணியவில்லை. ஒக்சித்தானி என்ற பெயரும் பழைய பிழையையே செய்கிறது: முழு மொழிநிலத்தின் பெயர் அதன் ஒரு பகுதிக்கு இடப்பட்டுள்ளது. அப்பெயருக்குள் தம் பெயர் மறைந்துபோனதை எதிர்த்துப் பெர்ப்பிஞான் நகரிலே கத்தலானியர் அவ்வாண்டே ஊர்வலம் சென்றனர். நேற்று ஒடுக்கப்பட்டோரின் பெயர் இன்று வேறொரு சிறு மக்களின் பெயரை மூடுகிறது. அப்பாற் சென்று மொழியின் நிலையைப் பார்ப்போம். தூலூஸ் நிலக்கீழ் இரயிலிலே நிலையங்களின் பெயர்கள் இரு மொழிகளிலும் அறிவிக்கப்படுகின்றன. வீதிப் பலகைகளும் இரு மொழிகளிலுண்டு. ஆனால் அம்மொழியை யுனெஸ்கோ அழிவை நோக்கிய மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. 1979இலிருந்து பெற்றோர் முயற்சியால் நடைபெறும் கலாந்திரெத்தா பாடசாலைகளிலே பிள்ளைகள் பாடங்களைப் பெரும்பாலும் ஒக் மொழியிற் கற்கின்றனர். அவ்வகைக் கல்வியை அரச பாடசாலைகளுக்கும் விரிக்கப் பாராளுமன்றம் 2021இல் நிறைவேற்றிய சட்டப்பிரிவை, குடியரசின் மொழி பிரெஞ்சே என்ற அரசியலமைப்பு விதியைக் காட்டி அரசியலமைப்புச் சபை செல்லாததாக்கியது. இன்று ஒக் மொழி முழு உத்தியோக உரிமை பெற்றிருப்பது பிரான்சில் அன்று. ஸ்பானிய எல்லைக்குள், கத்தலோனியாவின் அரான் பள்ளத்தாக்கு மக்கள் அதனைப் பேசுவதன் பொருட்டு அங்கே!

எமது மாணவனின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். லாங்டொக் என்ற பெயர் இன்று மதுப் போத்தல்களின் சீட்டிலும், நெடுஞ்சாலையொன்றின் பெயரிலும், வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. பெயருக்கு எந்நாளும் பெரிய ஆபத்து நேர்ந்ததில்லை. மன்னன் அதனைப் பயன்படுத்தினான், பேராயர் பயன்படுத்தினர், திட்டமிடல் அதிகாரி பயன்படுத்தினார், வணிகர் பயன்படுத்துகின்றனர். ஆபத்து நேர்ந்தது அப்பெயருக்குப் பொருளாயிருந்த மக்களின் பேச்சுக்கே. ஒரு மொழியின் பெயரைப் பலகையில் எழுதுவதற்குச் செலவு குறைவு. அம்மொழியிற் பேசும் பிள்ளையை வகுப்பறையில் தலைநிமிர்ந்து இருக்கச் செய்வதற்கே பணமும், சட்டமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியரின் மனமாற்றமும் வேண்டும்.

அடுத்த பாடத்திலே அவ்விரு தேசப்படங்களையும் கரும்பலகையில் மாட்டி, லாங்டொக் என்ற பெயரின் பொருளை வகுப்பு முழுவதற்கும் விளக்கினோம். மரத்துண்டின் கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. பின்னர், படங்களைக் கொண்டுவந்த அதே மாணவன் எழுந்து, “அந்த மரத்துண்டைப் பிள்ளைகள் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை?” என்று கேட்டான். அது மாணவர்களிடம் கேட்க வேண்டிய வினாவன்று, ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியது என்று அவனுக்குச் சொன்னோம். ஆதலாற்றான் அதனை இங்கே எழுதினோம்.